எலிமினேட்டர்: பேட்டரியை விரட்ட வந்தது, பேட்டரிக்குச் சோறு ஊட்டிய கதை

ரிச்சி தெருவில் எந்தக் கடையிலாவது போய் "12 வோல்ட் அடாப்டர் இருக்கா?" என்று கேட்டால், கடைக்காரர் உள்ளே திரும்பி "ஒரு 12 வோல்ட் எலிமினேட்டர் எடுப்பா" என்று குரல் கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். பிளஸ் டூ இயற்பியல் லேபிலும் அதே பெயர்தான். "பேட்டரி எலிமினேட்டர்" என்று எழுதி ஒட்டிய தகரப் பெட்டி ஒன்று மேசையில் உட்கார்ந்திருக்கும். எதை எலிமினேட் செய்கிறது? பேட்டரியை. ஆனால் நாம் அதை வாங்குவது பெரும்பாலும் எதற்கு? பேட்டரியை சார்ஜ் செய்ய! பேட்டரியை ஒழிக்க வந்த பெட்டி எப்படி பேட்டரிக்கே சேவகம் செய்யும் பெட்டியானது என்று தேடப் போய், கதை நூறு வருடத்துக்கு மேல் பின்னால் போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எலெக்ட்ரானிக்ஸ் ஹாபி ஆசாமிகள் எல்லோருக்கும் எப்போதாவது வரும் கேள்வி இது: "சார்ஜர் சர்க்யூட்டுக்கு 5 வோல்ட்தான் வேண்டும், கையில் இருப்பது 12 வோல்ட் அடாப்டர், கொடுக்கலாமா?" இதற்கு ஒவ்வொரு காலத்திலும் பதில் வேறு வேறாக இருந்திருக்கிறது. ஒரு காலத்தில் அதிக வோல்டேஜ் வரம், பிறகு சாபம், இப்போது மறுபடியும் வரம். எனக்கு இந்தக் கதையில் பிடித்த விஷயமே இதுதான்.

முதலில் பல்பு வழி. கஸ்தோன் பிளான்டே 1859-இல் ஈய-அமில பேட்டரியைக் கண்டுபிடித்தார். எடிசனின் பேர்ல் தெரு மின்நிலையம் நியூயார்க்கில் 1882-இல் 110 வோல்ட் நேர்மின்சாரத்தை வீடுகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தது. ஆக, சுவரில் 110 வோல்ட் டிசி இருக்கிறது, கையில் 6 வோல்ட் பேட்டரி இருக்கிறது. டிசிக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யாது. என்ன செய்வது? அந்தக் கால மெக்கானிக்குகள் செய்தது மிக எளிமையான காரியம். பேட்டரியோடு சீரீஸில் ஒரு பல்பைப் போட்டார்கள். அவ்வளவுதான். 100 வாட், 110 வோல்ட் பல்பு என்றால் சுமார் 0.9 ஆம்பியர் ஓடும். அதிக கரண்ட் வேண்டுமா, இன்னொரு பல்பைப் பக்கத்தில் பேரலலாகப் போடு. பலகையில் வரிசையாகப் பல்புகள் மாட்டிய இந்த அமைப்புக்கு "லேம்ப் பேங்க்" என்று பெயர்.

கணக்குப் போட்டால் சிரிப்பு வரும். சுவரிலிருந்து எடுப்பது கிட்டத்தட்ட 100 வாட், பேட்டரிக்குள் போவது 6 வாட். மீதி 94 வாட் வெளிச்சமும் சூடும். ஆனால் இதில் ஒரு அழகும் இருக்கிறது. பேட்டரி நிரம்ப நிரம்ப அதன் வோல்டேஜ் 6-இலிருந்து 7.5 வரை ஏறினாலும், 110-க்கு முன்னால் அந்த ஒன்றரை வோல்ட் ஒன்றுமே இல்லை. கரண்ட் அசையாமல் நிற்கும். தெரிந்தோ தெரியாமலோ, அவர்கள் செய்தது ஒரு கான்ஸ்டன்ட் கரண்ட் சார்ஜர். நம் ஊர் எலெக்ட்ரீஷியன்கள் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்க இன்றும் வைத்திருக்கும் "சீரீஸ் லேம்ப்" பலகை இதே தத்துவம்தான். (யாராவது இதைப் படித்துவிட்டு 230 வோல்ட் மெயின்ஸில் பல்பும் டையோடும் போட்டு பேட்டரி சார்ஜ் செய்ய இறங்காதீர்கள். மெயின்ஸுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவில் எதுவுமே இருக்காது. பேட்டரி முனையைத் தொட்டால் லைனைத் தொட்ட மாதிரி.)

பிறகு ஊரெங்கும் ஏசி வந்தது. ஏசிக்கு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, வோல்டேஜை வீணடிக்காமல் குறைக்கலாம். ஆனால் பேட்டரிக்கு டிசி வேண்டுமே? பீட்டர் கூப்பர் ஹெவிட் 1902-இல் பாதரச ஆவி ரெக்டிஃபையரைக் கொண்டு வந்தார். பெரிய கண்ணாடிக் குடுவைக்குள் நீல ஒளி துடிக்கும் சாதனம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மின்சாரக் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டே 1914 மாடல் டெட்ராய்ட் எலெக்ட்ரிக் காரைத்தான் ஓட்டினார்! அந்தக் கார்கள் நிற்கும் கராஜ்களில் பேட்டரிகளுக்குச் சோறு போட்டது இந்த நீலக் குடுவைதான். 1916-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் "டங்கார்" பல்பைக் கொண்டு வந்தது. டங்ஸ்டன் இழை, ஆர்கான் வாயு, இரண்டையும் சேர்த்து வைத்த பெயர். பாதரசக் குடுவையை விட எளிமையானது, சின்ன வேலைக்கும் ஏற்றது.

சின்ன வேலை என்று சொன்னது ரேடியோவை. 1920களில் அமெரிக்க வீடுகளில் ரேடியோ பைத்தியம் பிடித்திருந்த காலம். அப்போதைய வால்வ் ரேடியோவுக்கு ஒன்றல்ல, மூன்று வகை பேட்டரி வேண்டும். இழையைச் சூடாக்க 6 வோல்ட் ஈய-அமில பேட்டரி, பெயர் "ஏ". பிளேட்டுக்கு 45 அல்லது 90 வோல்ட், பெயர் "பி". கிரிட்டுக்கு "சி". ஏ பேட்டரியை அடிக்கடி சார்ஜ் செய்ய வேண்டும். வரவேற்பறைக் கம்பளத்தின் மேல் கந்தக அமிலம் சிந்தினால் வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இங்கேதான் நம் கதாநாயகன் நுழைகிறான். சுவரில் செருகினால் பேட்டரி தரும் வோல்டேஜைத் தானே தரும் பெட்டி. பேட்டரியை ஒழிப்பதால் "பேட்டரி எலிமினேட்டர்". பி பேட்டரிக்குப் பதிலாக வந்தால் "பி எலிமினேட்டர்". ரிச்சி தெருவில் இன்று ஒலிக்கும் சொல் பிறந்த இடம் இந்த 1920கள் அமெரிக்க வரவேற்பறைதான். அமெரிக்காவில் அந்தச் சொல் மறைந்து வெகு காலமாகிறது. நம்மிடம் பத்திரமாக இருக்கிறது!

இந்த எலிமினேட்டர் வியாபாரத்தில் ஒரு கம்பெனியின் கதை சினிமா மாதிரி இருக்கும். ஃபிலடெல்ஃபியா ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனி, சுருக்கமாக ஃபில்கோ. பெயரிலேயே பேட்டரி இருக்கிறது. ரேடியோக்காரர்கள் பேட்டரியைக் கைவிடுவார்கள் என்று தெரிந்ததும், தானே 1925-இல் "சாக்கெட் பவர்" என்ற பெயரில் எலிமினேட்டர் விற்க ஆரம்பித்தது. தன் தொழிலைத் தானே ஒழிக்கும் பெட்டி! நன்றாக விற்றது. ஆனால் இரண்டே வருடம். 1927-இல் நேராக ஏசியிலேயே ஓடும் வால்வுகள் சந்தைக்கு வந்து, ரேடியோவுக்கு எலிமினேட்டரே தேவையில்லை என்றாகிவிட்டது. பேட்டரியும் போச்சு, எலிமினேட்டரும் போச்சு. ஃபில்கோ 1928-இல் சொந்தமாக ரேடியோ தயாரிக்க இறங்கியது, கொஞ்ச காலத்திலேயே அமெரிக்காவின் மிகப் பெரிய ரேடியோ கம்பெனிகளில் ஒன்றானது. கனடாவில் இதே சமயம் எட்வர்ட் ரோஜர்ஸ் 1925-இல் பேட்டரி இல்லாத ரேடியோவை விற்றார். டொரான்டோவில் அவர் 1927-இல் ஆரம்பித்த வானொலியின் பெயர் சிஎஃப்ஆர்பி. கடைசி இரண்டு எழுத்தும் "ரோஜர்ஸ் பேட்டரிலெஸ்" என்பதன் சுருக்கம்.

ஆக பேட்டரி ஒழிந்ததா? இல்லை. டிரான்சிஸ்டர் வந்து அதற்கு மறுபிறவி கொடுத்தது. 1954-இல் ரீஜன்சி டிஆர்-1 பாக்கெட் ரேடியோ வந்தது. கையடக்கச் சாமான்கள் பெருகப் பெருக, பேட்டரி மறுபடி வீட்டுக்குள் வந்தது, அதன் பின்னாலேயே எலிமினேட்டரும். இந்த முறை அதற்கு இரண்டு வேலை: பேட்டரி இல்லாதபோது சாதனத்தை ஓட்டுவது, பேட்டரி இருந்தால் அதை நிரப்புவது.

நிரப்பக்கூடிய சின்ன பேட்டரி என்றால் அப்போது நிக்கல் காட்மியம்தான். ஸ்வீடன்காரர் வால்டெமார் யுங்னர் 1899-இல் கண்டுபிடித்தது. ஆனால் ஐம்பது வருடம் அது தண்ணீர் ஊற்ற வேண்டிய ஜாதியாகவே இருந்தது. சார்ஜ் முடிந்தபின் உண்டாகும் வாயுவை செல்லுக்குள்ளேயே மறுபடி உறிஞ்ச வைத்து, முழுக்க மூடிய செல்லாக்கும் வழியைக் கண்டவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் கேயார்க் நாய்மன், வருடம் 1947. ஸ்டூடியோக்களில் பாடகர்கள் முன்னால் நிற்கும் நாய்மன் மைக் இருக்கிறதே, அதே நாய்மன்தான்! பிளாக் அண்ட் டெக்கர் 1961-இல் கம்பியில்லா டிரில்லை விற்க ஆரம்பித்ததும், 1972-இல் எச்பி-35 கால்குலேட்டர் அடாப்டரோடு வந்ததும் இந்த செல்லை நம்பித்தான்.

நிக்கல் காட்மியத்தின் குணம் பொறுமை. 600 மில்லி ஆம்பியர் மணி செல்லுக்குப் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 மில்லி ஆம்பியர் கொடுத்துவிட்டு 14, 16 மணி நேரம் மறந்துவிடலாம். கொஞ்சம் அதிகமானாலும் சூடாக்கிக் கழித்துவிடும், வெடிக்காது. அதனால் சார்ஜர் என்பது அந்தக் காலத்தில் ஒரு அடாப்டர், ஒரு ரெசிஸ்டர். முடிந்தது. இங்கேதான் அதிக வோல்டேஜ் ஏன் வரமாக இருந்தது என்பது புரியும். கொஞ்சம் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று செல், 3.6 வோல்ட். 5 வோல்ட் அடாப்டரில் 60 மில்லி ஆம்பியர் வர, மீதி 1.4 வோல்ட்டைத் தாங்க 23 ஓம் ரெசிஸ்டர் வேண்டும். செல்கள் நிரம்பி மொத்தம் 4.35 வோல்ட் ஆகும்போது மிச்சம் 0.65 வோல்ட்தான். கரண்ட் 28 மில்லி ஆம்பியருக்கு இறங்கிவிடும். விடிய விடிய போட்டாலும் நிரம்பாது. சரி, மெயின்ஸ் 10 சதவீதம் ஏறி அடாப்டர் 5.5 கொடுத்தால்? கரண்ட் 82-க்குத் தாவும். இப்போது அதே வேலைக்கு 12 வோல்ட் அடாப்டரும் 140 ஓம் ரெசிஸ்டரும் போடுங்கள். செல் நிரம்பும்போதும் 55 மில்லி ஆம்பியர் நிற்கும். மெயின்ஸ் 10 சதவீதம் ஏறினால் 69-தான். விலை? ரெசிஸ்டரில் அரை வாட் சூடு. நம் ஊர் மெயின்ஸின் ஏற்ற இறக்கம் தெரிந்தவர்களுக்கு எது நல்ல சார்ஜர் என்று சொல்ல வேண்டியதில்லை. பழைய லேம்ப் பேங்கின் அதே தந்திரம், பல்புக்குப் பதில் பைசா பெறாத ரெசிஸ்டர்.

இன்னொரு விஷயம், அந்தக் கால அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்டேஜை யாரும் அப்படியே நம்ப முடியாது. கனமான டிரான்ஸ்ஃபார்மர், நாலு டையோடு, ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான் உள்ளே. "12 வோல்ட், 500 மில்லி ஆம்பியர்" என்றால், 500 மில்லி ஆம்பியர் இழுக்கும்போதுதான் 12. எதுவும் இழுக்காமல் மீட்டர் வைத்தால் 16, 17 காட்டும். அதாவது எல்லா அடாப்டருமே ஒரு வகையில் "அதிக வோல்டேஜ் அடாப்டர்"தான். செருகுமுனையோ இன்னும் மோசம். 5 வோல்டுக்கும் 12-க்கும் 19-க்கும் ஒன்றுபோலவே இருக்கும் உருளை முனை. நடு முனை சிலதில் பாசிட்டிவ், கிட்டார் பெடல் போன்றவற்றில் நெகட்டிவ். ஜப்பான்காரர்கள் மட்டும் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். வோல்டேஜ் வரம்புக்கு ஒரு முனை அளவு என்று ஐந்து அளவுகளைத் தரப்படுத்தினார்கள். 6.3 முதல் 10.5 வோல்ட் வரையுள்ள அடாப்டரின் முனை, 6.3-க்குக் கீழே உள்ள சாதனத்தில் நுழையவே நுழையாது. மற்ற உலகம் இதைக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் வருத்தம்.

எகிறும் வோல்டேஜை அடக்க ரெகுலேட்டர் வந்தது. இந்த இடத்தில் பாப் விட்லரைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். நேஷனல் செமிகண்டக்டரில் இருந்த சிப் டிசைனர், குடி, கோபம், மேதைமை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த ஆள். கம்பெனி செலவைக் குறைக்கப் புல் வெட்டும் ஆளை நிறுத்தியபோது, 1970-இல் ஒரு ஆட்டை வாங்கி வந்து அலுவலகப் புல்வெளியில் கட்டியவர். ஒரே சில்லுக்குள் சூடாகும் பெரிய டிரான்சிஸ்டரையும் நுட்பமான ரெஃபரன்ஸையும் வைத்து நிறைய ஆம்பியர் தரும் ரெகுலேட்டர் செய்வது சாத்தியமில்லை என்று சொன்ன அவரே, அதே சமயத்தில் எல்எம்109-ஐச் செய்து காட்டினார். மூன்றே கால். உள்ளே எவ்வளவு வந்தாலும் வெளியே 5 வோல்ட். ஏன் 5? அப்போது டிடிஎல் லாஜிக் சில்லுகள் எல்லாம் 5 வோல்ட்டில் ஓடின. இந்த 5-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

விட்லர் நேஷனலை விட்டு 1970 முடிவில் போய்விட, பாப் டாப்கின் 1976-இல் எல்எம்317-ஐ வடிவமைத்தார். நம் எல்லோருக்கும் செல்லப் பிள்ளை. இதன் அவுட்புட்டுக்கும் அட்ஜஸ்ட் காலுக்கும் நடுவே எப்போதும் 1.25 வோல்ட் இருக்கும். அங்கே 22 ஓம் ரெசிஸ்டரைப் போட்டு, அட்ஜஸ்ட் காலிலிருந்து பேட்டரிக்குக் கொடுத்தால் 57 மில்லி ஆம்பியர், செல் எப்படி இருந்தாலும், மெயின்ஸ் எப்படி ஆடினாலும். லேம்ப் பேங்க் செய்ததை ஒரு சில்லு கச்சிதமாகச் செய்கிறது. உள்ளுக்கும் வெளிக்கும் 40 வோல்ட் வித்தியாசம் வரை தாங்கும். எல்எம்317-இன் டேட்டா ஷீட்டிலேயே 12 வோல்ட் பேட்டரி சார்ஜர் சர்க்யூட் ஒன்று இருக்கிறது. உலகம் முழுக்க எத்தனை மாணவர்கள் அதை பிரெட்போர்டில் போட்டிருப்பார்கள்!

ஆனால் சூடு எங்கும் போகாது. வோல்டேஜ் வித்தியாசத்தைக் கரண்டால் பெருக்கினால் வாட். 57 மில்லி ஆம்பியருக்கு அரை வாட்டுக்கும் குறைவு, கை வைக்கலாம். 1 ஆம்பியருக்கு 12-இலிருந்து 4.2 என்றால் 7.8 வாட். ஹீட் சிங்க் இல்லாவிட்டால் சில்லு தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும், விரலை வைத்தவர்களுக்குக் கொப்புளம் போனஸ்.

அடுத்து வந்தது லித்தியம் அயான். விட்டிங்ஹாம், குடினஃப், யோஷினோ மூவரும் 1970களிலும் 80களிலும் போட்ட அஸ்திவாரம், 2019-இல் நோபல். சோனி 1991-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன்பே ஒரு எச்சரிக்கை மணி அடித்திருந்தது. கனடாவின் மோலி எனர்ஜி லித்தியம் உலோக பேட்டரிகளை ஜப்பான் மொபைல் போன்களுக்கு விற்றது. 1989-இல் போன் ஒன்று தீப்பிடிக்க, மொத்தத்தையும் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. அயான் வகை அதைவிடச் சாது, ஆனாலும் நிக்கல் காட்மியத்தின் பொறுமை அதற்குக் கிடையாது. செல்லுக்கு 4.2 வோல்ட் என்றால் 4.2, ஒரு சதவீதம் அப்படி இப்படி. அதற்கு மேல் தள்ளினால் நெகட்டிவ் தகட்டில் லித்தியம் உலோகமாகப் படியும், பாசிட்டிவ் பக்கம் நிலை குலையும், கடைசியில் தீ. முதலில் நிலையான கரண்ட், 4.2 தொட்டதும் நிலையான வோல்டேஜ், கரண்ட் தேய்ந்ததும் நிறுத்து. ரெசிஸ்டரும் மறதியும் சேர்ந்த சார்ஜர் இனி செல்லாது.

இங்கே வரலாறு ஒரு தற்செயலைச் செய்தது. யுஎஸ்பி 1996-இல் வந்தபோது கணினிக்குள் ஏற்கெனவே இருந்த 5 வோல்டையே கம்பியில் அனுப்பினார்கள். அந்த 5 வந்தது டிடிஎல் காலத்திலிருந்து. பேட்டரி சார்ஜ் செய்வதற்காக யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் லித்தியம் செல்லின் 4.2-க்குச் சரியாக 0.8 வோல்ட் மேலே இருந்தது! சார்ஜர் சில்லு வேலை செய்யப் போதும், சூடாகி உருகுவதற்குப் போதாது. சீனா 2006 டிசம்பரில் எல்லா மொபைல் சார்ஜரும் யுஎஸ்பி வாய் கொண்ட 5 வோல்ட்டாக இருக்க வேண்டும் என்று தரம் வெளியிட்டது. ஐரோப்பாவில் 2009-இல் பெரிய போன் கம்பெனிகள் மைக்ரோ யுஎஸ்பிக்குக் கையெழுத்துப் போட்டன. நோக்கியா பெரிய பின், சின்ன பின் சண்டை ஓய்ந்தது. இதே காலத்தில் மின்சாரத்தைச் சும்மா குடிக்கும் சாதனங்களுக்கு எதிரான விதிகளும் வந்தன. சர்வதேச எரிசக்தி முகமை 1999-இல் "ஒரு வாட்" திட்டத்தை முன்வைத்தது, அமெரிக்காவில் 2008 ஜூலையிலிருந்து அடாப்டர் திறனுக்குத் தேசிய அளவில் குறைந்தபட்ச வரம்பு வந்தது. செங்கல் மாதிரி கனத்த டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் போய், கைக்கு எடையே தெரியாத ஸ்விட்சிங் அடாப்டர் வந்தது.

5 வோல்டை நம்பிப் பிறந்த குழந்தைதான் டிபி4056 சில்லு. நகத்தளவு நீலப் பலகை, சிவப்பு விளக்கு சார்ஜ் ஆகிறது, நீல விளக்கு முடிந்தது. புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் பையில் கட்டாயம் இரண்டு மூன்று இருக்கும். இது எல்எம்317-இன் வம்சம், அதாவது லீனியர், மிச்ச வோல்டேஜைச் சூடாக்கித்தான் கழிக்கும். செல் 3.7-இல் இருக்க 5 வோல்ட் கொடுத்தால் 1 ஆம்பியருக்கு 1.3 வாட். சமாளிக்கும். 8 வோல்ட் கொடுத்தால் 4.3 வாட். சூடு தாங்காமல் தானே கரண்டைக் குறைத்துக்கொள்ளும், சார்ஜ் ஆக நேரம் பிடிக்கும். அந்த 8-தான் அதன் உச்ச வரம்பும். 12 வோல்ட் அடாப்டரை நேராகச் செருகினால் புகை. புகை வந்து சில்லு செத்தால் நல்ல காலம். சாகும்போது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால், 12 வோல்ட்டும் நேராக செல்லின் தலையில் இறங்கும். பக்கத்தில் இருக்கும் பாதுகாப்புச் சில்லும் இவ்வளவு வோல்டேஜுக்குச் செய்யப்பட்டதில்லை. 40 வோல்ட் தாங்கிய எல்எம்317 பழக்கத்தில் வந்தவர்கள் டிபி4056-இல் கை சுட்டுக்கொள்வது இதனால்தான். வெளியே பார்க்க இரண்டும் ஒரே வேலைதானே செய்கின்றன!

இது விளையாட்டு விஷயமில்லை. 2023-இல் நியூயார்க் நகரத்தில் மட்டும் லித்தியம் அயான் பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் இறந்தார்கள். அங்கே உணவு டெலிவரி செய்பவர்கள் ஓட்டும் மின்சைக்கிள்கள்தான் பெரிய கவலையாக இருந்தது. மலிவான செல், அடி வாங்கிய பேக், தொடர்பில்லாத சார்ஜர் என்று காரணங்கள் கலந்து வரும். 36 வோல்ட் பேக்குக்கு 42 வோல்ட் சார்ஜர், 48 வோல்ட் பேக்குக்கு 54.6 வோல்ட் சார்ஜர். இரண்டும் பார்க்க ஒரே கறுப்புப் பெட்டி, பல சமயம் ஒரே முனை. மாற்றிச் செருகினால் பேக்குக்குள் இருக்கும் காவல் சர்க்யூட் ஒன்றுதான் நடுவில் நிற்கிறது. அந்த நகரம் 2023-லேயே பாதுகாப்புச் சான்று இல்லாத மின்சைக்கிள்களையும் பேட்டரிகளையும் விற்கத் தடை போட்டது.

சரி, 12 வோல்ட் அடாப்டர்தான் இருக்கிறது என்றால்? நடுவில் ஒரு பக் கன்வர்ட்டர். மிச்சத்தைச் சூடாக்காமல், ஸ்விட்ச் வேகமாகத் திறந்து மூட, காயில் சக்தியைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும். தத்துவம் புதிதல்ல. 1977-இல் ஆப்பிள் II கணினிக்கு ராட் ஹோல்ட் ஸ்விட்சிங் பவர் சப்ளை போட்டார், அதனால்தான் அந்தப் பெட்டி ஃபேன் இல்லாமல் ஓடியது. ஆனால் சாமானியர்கள் கைக்கு வந்தது நேஷனலின் "சிம்பிள் ஸ்விட்சர்" வரிசையால். அதில் ஒன்றான எல்எம்2596 நொடிக்கு 1,50,000 முறை ஸ்விட்ச் செய்கிறது. 5 வோல்ட் 1 ஆம்பியர் எடுக்க, லீனியர் என்றால் 12 வோல்ட் அடாப்டரிலும் அதே 1 ஆம்பியர் இழுக்கும். பக் அரை ஆம்பியர் அளவில் முடித்துவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை. கடையில் வரும் பலகையில் வோல்டேஜைத் திருகிவைக்கும் நீல ட்ரிம்பாட் ஒன்று இருக்கும். அது எந்த நிலையில் வந்திருக்கும் என்று சொல்லவே முடியாது. முதலில் மீட்டரை வைத்து 5-க்குத் திருகிவிட்டு, பிறகுதான் சார்ஜர் பலகையை இணைக்க வேண்டும்.

இப்போது கடைசித் திருப்பம். போன் பேட்டரிகள் பெரிதாக, 5 வோல்ட் போதாமல் போனது. 18 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்பினால் 3.6 ஆம்பியர். கேபிளின் மின்தடை 0.2 ஓம் என்று வைத்தால் கம்பியிலேயே 2.6 வாட் போய்விடும். 9 வோல்ட்டில் 2 ஆம்பியர்தான், இழப்பு 0.8 வாட். ஊர்களுக்கு உயர் அழுத்தத்தில் மின்சாரம் அனுப்பும் அதே காரணம், நம் மேசை மேல். குவால்காமின் குயிக் சார்ஜ் 2.0 வந்து 9, 12 வோல்ட் கேட்டது. யுஎஸ்பி பவர் டெலிவரி 2012-இல் ஆரம்பித்து 20 வோல்ட் வரை போய், 2021-இல் 48 வோல்ட், 240 வாட் வரை ஏறிவிட்டது. ஆனால் இந்த முறை ஒரு பெரிய வித்தியாசம். அடாப்டர் தானாக வோல்டேஜை ஏற்றாது. முதலில் 5 மட்டும். சாதனம் கேட்டால்தான் மேலே. அந்தக் கால உருளை முனைக்குப் பேச வாய் இல்லை, டைப்-சிக்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் போட்ட சட்டம் 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன்களுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது, மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 என்று தேதி குறித்தது.

2017-இல் பவர் டெலிவரியோடு சேர்ந்த பிபிஎஸ் என்ற வசதி இன்னும் வேடிக்கை. போன் தன் பேட்டரி இந்த நொடியில் எந்த வோல்டேஜில் இருக்கிறது என்று பார்த்து, அடாப்டரிடம் 20 மில்லி வோல்ட் படிகளில் "இன்னும் கொஞ்சம் ஏத்து, போதும், இறக்கு" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சில போன்களில் உள்ளே வரும் வோல்டேஜைச் சரிபாதியாக்கும் கெப்பாசிட்டர் சர்க்யூட் மட்டும் வைத்து, செல் 4 வோல்ட்டில் இருந்தால் 8-க்குக் கொஞ்சம் மேலே கேட்கிறார்கள். கரண்டையும் வோல்டேஜையும் பார்த்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் சுவரில் செருகிய பெட்டிக்கே திரும்பிப் போய்விட்டது, 1920களில் டங்கார் பல்பு உட்கார்ந்திருந்த இடத்துக்கே.

டைப்-சி அடாப்டரிடம் 9 அல்லது 12 வோல்ட் கேட்டு வாங்கித் தரும் குட்டி "ட்ரிகர்" பலகைகள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. அதை வாங்கி, வெளியே வரும் 9 வோல்டை டிபி4056-இல் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் அந்த 8 வோல்ட் வரம்பை இன்னொரு முறை மேலே போய்ப் பார்த்துவிட்டு வரவும் :-)